கணக்கில் வராத குத்துகள்

ரிங்குக்குள் விழும் அடிக்குச் சாட்சி உண்டு. நடுவர் எண்ணுகிறார், மருத்துவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். தலையில் குத்து வாங்கிச் சாய்ந்தவர் 30 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் மறுபடி சாய்ந்தால் 90 நாள் என்று அமெச்சூர் குத்துச்சண்டை விதி வகுத்துவைத்தது. ஆனால் மாலை தோறும் ஸ்பாரிங் என்னும் பயிற்சிச் சண்டையில் வாங்கும் குத்துகள்? ஆள் சாயாதவரை அவை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

சாய்ந்தால்தான் சேதம் என்று மூளை நினைப்பதில்லை. 2006இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 14 அமெச்சூர் வீரர்களின் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். போட்டி முடிந்து ஒரு வாரம், பத்து நாள் ஆன பிறகும், நரம்பிழை சிதைந்தால் கசியும் புரதம் அதில் கூடியிருந்தது. தலையில் 15 குத்துக்கு மேல் வாங்கியவர்களிடம் இன்னும் அதிகம். மூன்று மாத ஓய்வில் அது இறங்கியது. மறுபக்கமும் உண்டு: அமெச்சூர்களுக்கு நிரந்தரச் சேதம் ஏற்படுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று 2007இல் ஒரு பிரிட்டிஷ் தொகுப்பாய்வு சொன்னது. ஹெட்கார்ட் போட்டால் போதாதா என்றால், அது தோல் கிழியாமல் காக்கும். மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை நிறுத்தாது. வயதுவந்த ஆண்களுக்கு 2013இல் அதையும் கழற்றிவிட்டார்கள்.

உலக மருத்துவச் சங்கம் 1983இலேயே குத்துச்சண்டைக்குத் தடை கேட்டது. சென்னையின் தரமணியில் உட்கார்ந்து அதற்குக் கைதூக்குவது சுலபம். நரம்பியல் அறுவை முன்னோடி பி. ராமமூர்த்தி ஓய்வுக்குப் பின் தலைமையேற்ற மூளை அறுவை மையம் இங்கே வி.எச்.எஸ். மருத்துவமனையில் இருக்கிறது. பக்கத்திலேயே ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருச்சிசுக்களின் மூளைகளை 5,000க்கும் மேற்பட்ட சீவல்களாகப் படமெடுத்து 2024இல் உலகுக்குக் கொடுத்தது. இங்குள்ள கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் குத்து வாங்கிப் பிழைக்க வேண்டியதில்லை. வடசென்னையின் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் கதை வேறு. அங்கே ஒரு பதக்கம் என்பது ரயில்வே வேலை. மாநில அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் ஓர் இடம். தடை போட்டால் அந்தக் கதவும் சாத்தப்படும். சாத்தியவர்களுக்கு அதனால் காசு நஷ்டம் ஒன்றுமில்லை.

அதற்காக ‘அவன் இஷ்டப்பட்டுத்தானே ஆடுகிறான்’ என்று கைகழுவுவதும் நியாயமாகாது. பதினான்கு வயதுப் பையனின் சம்மதத்தில் வீட்டு வாடகையும் சேர்ந்து கையெழுத்திடுகிறது. (முகமது அலி 1980இல் சென்னையில் காட்சிச் சண்டை ஆடியது இன்றும் பெருமையாகப் பேசப்படுகிறது, நான்கே ஆண்டில் அவருக்கு பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. அவர் தொழில்முறை வீரர், நோய்க்குக் குத்துதான் காரணமா என்பதில் மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பையன் கேட்டு வளரும் பெருமைப் பேச்சில் அந்தப் பாதி வருவதே இல்லை.)

பதக்கத்தை வைத்து வேலை கொடுக்கும் அரசு, அந்தப் பதக்கம் எப்படி வந்தது என்பதற்கும் பொறுப்பாளி. பதினெட்டு வயது வரை பயிற்சியில் தலையைக் குறிவைக்கக் கூடாது என்று விதிக்கலாம். ஸ்பாரிங் ரவுண்டுகளை ஏட்டில் எழுதச் சொல்லலாம். அதைவிட அவசரமானது, தலைவலியை மறைக்கும் பழக்கத்தை ஒழிப்பது. அடுத்த வாரம் செலக்‌ஷன் என்றால் எந்தப் பையன் வாய் திறப்பான்? எந்த கோச் கேட்பார்? எனவே ‘இவன் ஆட வேண்டாம்’ என்று சொல்லும் மருத்துவர், குத்துச்சண்டைச் சங்கத்தின் ஆளாக இருக்கக் கூடாது. அவர் விதிக்கும் ஓய்வில் பையனின் உதவித்தொகையும் நிற்கக் கூடாது.