அச்சிதழின் நாளையும் வாசகர் கடனும்

இதழ் என்னும் சொல் முதலில் பூவின் மடலையும் மனிதரின் உதட்டையும் குறித்தது. அதனைப் பத்திரிகைக்குப் பெயராக்கியவர் எவராயினும் நயமறிந்தே ஆக்கினார் எனல் வேண்டும். மலர்தல், பேசுதல், உதிர்தல் ஆகிய மூன்றும் அச்சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன. மலர்ந்து பேசிய காலத்தைப் பற்றி நம் முன்னோர் நிறையவே எழுதிவிட்டனர். உதிர்வதைப் பற்றி எண்ணும் முறை நம்முடையது. கைபேசித் திரையில் உலகமே ஓடிக்கொண்டிருக்கும் இந்நாளில் அச்சிட்ட இதழுக்கு இனி இடம் உண்டா என்று கேட்கின்றனர். வணிகர் இதனை இலாப நட்டக் கணக்காகக் கேட்பர். தமிழ்நாட்டுக்கு வெளியே, திருவனந்தபுரத்தில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்து வரும் நாமோ இதனை அறத்தின்பாற்பட்ட வினாவாகக் கேட்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

நிகழ்ந்தவற்றை முதலில் நினைவு கூர்வோம். 1941இல் தொடங்கிய 'கல்கி' வார இதழ், 2020ஆம் ஆண்டின் கொரோனா முடக்கக் காலத்தில் அச்சில் வருவது நின்று, பின்னர் இணையத்தில் தொடர்ந்தது. 1926இல் பிறந்த 'ஆனந்த விகடன்' அச்சிலும் வருகிறது, கைபேசிச் செயலியிலும் வருகிறது. மேலை நாட்டில் 'நியூஸ்வீக்' 2012ஆம் ஆண்டின் இறுதியோடு அச்சை நிறுத்தியது. 2014இல் அச்சுக்கே திரும்பி வந்தது. ஆகவே இது திரும்பி வர இயலாத பாதை என்று துணிந்து கூறிவிடவும் முடியவில்லை.

வார இதழ்களின் பொருளாதாரம் எளிதில் விளங்கக் கூடியதே. அட்டையில் அச்சிட்ட விலை காகிதத்துக்கும் மைக்கும் அச்சுக்கூலிக்கும் முகவர் கழிவுக்கும் போதாது. குறையை ஈடு செய்தது விளம்பரம். விளம்பரம் திரைக்குக் குடிபெயர்ந்தபோது கூரையைத் தாங்கிய தூணும் உடன் பெயர்ந்தது. இரயில்களும் கடைகளும் நின்ற 2020ஆம் ஆண்டு, முன்னரே ஆட்டங்கண்டிருந்த சுவரைச் சற்றே தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

எனினும், திரை வந்ததால்தான் இதழ்கள் மடிகின்றன என்று சொல்வது முழு உண்மையாகாது. திரை என்பதே இல்லாத காலத்திலும் நம் இதழ்கள் மடிந்தன. 1933இல் தோன்றிய 'மணிக்கொடி' பத்தாண்டு நிறையும் முன்னரே நின்றது. சி.சு. செல்லப்பா 1959 சனவரியில் தொடங்கிய 'எழுத்து' 1970இல் முடிவுற்றது. தம் கைப்பொருளை இழந்து, தாம் வெளியிட்ட நூல்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். தமிழில் புதுக்கவிதை வேரூன்றிய நிலம் அந்த இதழே என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. அந்த நிலத்துக்கு நீர் பாய்ச்சத்தான் அன்று ஆள் இல்லை. இந்நகரிலேயே 1910 செப்டம்பரில் 'சுதேசாபிமானி' மலையாள இதழின் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டு, அதன் ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை திருவிதாங்கூரிலிருந்து நாடு கடத்தப்பட்டார். அவருக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் நினைவு கூர்வோர் உண்டு. அரசாணையால் மாண்ட இதழை இவ்வாறு வரலாறு நினைவில் வைத்துக்கொள்கிறது. சந்தாவைப் புதுப்பிக்க மறந்த வாசகரால் மாண்ட இதழ்களுக்கோ சிலையும் இல்லை, குற்றவாளியும் இல்லை.

வெளியூர்த் தமிழருக்கு இதழ் என்னவாக இருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 1965இல் கஸ்தூரிரங்கன் 'கணையாழி'யைத் தொடங்கியது சென்னையிலோ மதுரையிலோ அன்று, தில்லியில். வேலை தேடி வடக்கே சென்ற தமிழர் நடுவே பிறந்த அவ்விதழில் சுஜாதா எழுதிய கடைசிப் பக்கத்தைப் படிக்கவென்றே இதழைப் பின்னாலிருந்து புரட்டியவர் பலர். நம் நகரை எடுத்துக்கொள்வோம். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன், 'எழுத்து' இதழின் கவிஞருள் ஒருவர்; 1968இல் 'குருக்ஷேத்திரம்' என்னும் தொகுப்பை இங்கிருந்தே வெளிக்கொணர்ந்தார். மின்வாரியத்தில் பொறியாளராய் இருந்த நீல. பத்மநாபன், சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திய ஆ. மாதவன் ஆகியோர் தமிழ்நாட்டு எல்லைக்கு இப்பால் அமர்ந்து எழுதியும் தமிழுலகின் நடுவில் இருந்தனர். அலுவலகமும் கடையும் முடிந்து வந்து எழுதிய இவர்களைத் தமிழ்நாட்டு வாசகரோடு இணைத்த பாலத்தின் பெரும்பகுதி, அஞ்சலில் சென்று வந்த சிறு இதழ்களே.

இதழ் என்பது தாளா, மையா, அட்டைப்படமா? நாம் கருதுவது வேறு. புத்தகம் எழுதி முடித்த பின் விற்கப்படுவது. இதழோ இன்னும் எழுதப்படாதது. அடுத்த திங்கள் என்ன வரும் என்று ஆசிரியரே அறியார். ஆயினும் வாசகர் ஓராண்டுக்கு முன்பணம் கட்டுகிறார். கண்ணால் காணாத பொருளுக்குப் பணம் தருவதும், கைக்கு வந்த பணத்துக்குக் குறித்த நாளில் பொருள் தருவதும் ஆகிய இவ்விரு வாக்குறுதிகளுக்கு இடையே நிற்பதுதான் இதழ். தாளில் வந்தாலும் திரையில் வந்தாலும் இவ்வாக்குறுதி இருக்குமாயின் இதழ் உண்டு, இல்லையாயின் இல்லை.

இனி, நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பதைக் கூசாமல் பேசுவோம். வெள்ளிக்கிழமை விடிந்தால் யாரோ ஒருவர் வார இதழை முழுமையாய்ப் பி.டி.எஃப். கோப்பாக்கி வாட்ஸ்அப் குழுவில் இடுகிறார். நூறு பேர் கைகூப்பி நன்றி கூறுகின்றனர். நூற்றுவரும் நல்லவர், அடுத்தவர் வீட்டு முற்றத்துப் பூவைக் கேளாமல் பறிக்காதவர். இதில் தவறு உண்டா என்று கேட்டால் அவர்கள் சொல்லும் விடை வலிமையானது: "அந்நாளில் கரமனைத் தெருவில் ஒரு வீட்டில் வாங்கிய இதழைப் பத்து வீட்டார் படிக்கவில்லையா? அப்போது குற்றமில்லாதது இப்போது எப்படிக் குற்றமாகும்?"

இவ்விடையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இரவல் வாங்கிப் படித்துத்தான் நம்மில் பெரும்பாலோர் வாசகர் ஆனோம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு நம் பழைய அலமாரிகளே சான்று. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராய் வந்த 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்துக் கட்டடம் செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ! அத்தகைய கட்டடத்தைப் புரட்டினால் இடையில் ஓர் அத்தியாயம் இராது. இருந்தால் அதன் மேல் காப்பிக் கறை இருக்கும். இரவல் போன வாரம் அது. கொடுத்தவர் தம்முடையதைக் கொடுத்தார். திரும்பி வராமற் போகலாம் என்று அறிந்தும் கொடுத்தார். கொடையென்பது அதுவன்றோ! கோப்பை அனுப்புபவர் எதனையும் இழப்பதில்லை. அவர் கொடுப்பது தம்முடையதும் அன்று. பிறர் உழைப்பைத் தம் கையால் வழங்கி, நன்றியைத் தாம் பெற்றுக்கொள்கிறார். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். நன்றி போய்ச் சேர வேண்டிய முகவரி தவறும்போது என்ன ஆகும் என்பதை நாம்தான் சிந்திக்க வேண்டும்.

ஒப்புரவைப் பற்றிப் பேசுமிடத்து அவர் ஊருணியையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் உவமை காட்டினார். எல்லாரும் உண்ணும் நீர். எவரும் விலை கேட்பதில்லை. அறிவும் அப்படிப் பொதுவாதல் நன்றே. ஆனால் ஊருணி தானே நிறைந்துகொண்டிருப்பதில்லை. ஆண்டுதோறும் கோடையில் வீட்டுக்கோர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர் வாருவதும் கரை கட்டுவதும் பண்டு வழக்கம். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். நீர் அருந்துவது எல்லார்க்கும் உரிமையானது போலவே தூர் வாருவது எல்லார்க்கும் கடமையாய் இருந்தது. இரவல் படித்த பத்து வீட்டாரில் நால்வர் நாளடைவில் தாமே சந்தா கட்டினர். அதுவே இதழின் குடிமராமத்து. இன்று நூறு பேர் நீர் மொள்ள வருகின்றனர், மண்வெட்டி ஒருவர் கையிலும் இல்லை. வாங்க இயலாத வறியவரை நாம் குறை கூறவில்லை. அவர் இரவலில் படிக்கட்டும்; பழைய வழக்கம் அவருக்காகவே இருந்தது. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு உணவகம் சென்று வரும் நாம் அவரது உரிமையை எடுத்துக்கொள்வதுதான் பொருந்தவில்லை.

இவ்வளவும் கூறியதால் நாம் திரைக்குப் பகைவர் என எவரும் எண்ண வேண்டா. தாள் எரியும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி நாளிரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு சாம்பலாயிற்று. அதன் பின், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னுருவில் திரட்டி வைத்து வருகிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் பழைய இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் நுண்படமாகவும் மின்படியாகவும் காக்கப்படுகின்றன. தாளால் இயலாததைத் திரை செய்திருக்கிறது.

மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு ஒரு வழக்கம் படிந்துவிட்டது. எந்த ஆவணத்தைக் கண்டாலும், இது எத்தனை காலம் காக்கப்பட வேண்டியது என்று மனம் கேட்கும். கோப்பு முடிவுற்றதும் அதனை ஏ, பி, சி என்று வகைப்படுத்துவது விதி. ஏ என்றால் காத்து நுண்படமும் எடுக்க வேண்டும். பி என்றால் காக்க வேண்டும். சி என்றால் குறித்த ஆண்டுகள் வரை. கோப்பு மின்னுருவுக்கு மாறிய பின்னரும் இக்கேள்வி ஓயவில்லை. அச்சிதழுக்கும் இத்தகைய காப்பு உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டமும் 1956இன் திருத்தமும், நூலையும் இதழையும் வெளியிடுவோர் கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா முதலிய நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும் எனப் பணித்தன. அச்சேறியவற்றை மனத்தில் கொண்டு எழுதிய சட்டம் அது. இணையத்தில் மட்டுமே வாழும் இதழுக்கு அந்தக் காவல் இல்லை. வலைமனைக்கு ஆண்டு வாடகை கட்டுவார் உள்ளவரை அது இருக்கும். அவர் நோயுற்றால், சலிப்புற்றால், ஒரு நள்ளிரவில் பத்தாண்டு உழைப்பும் மறையும். ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கு மாறிய நாளில் படியெடுக்க ஆளில்லாத சுவடிகள் செல்லுக்கு இரையானமையை நாம் அறிவோம்.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கே உரிய கவலை ஒன்று எஞ்சியிருக்கிறது. இங்கே நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் அவர்களுக்குச் செவி வழி வந்த மொழி. பேசுவர், படிக்க அறியார். முந்தைய தலைமுறையும் அதே பள்ளிகளில்தான் பயின்றது. ஆனால் அது தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது. எவர் கற்பித்தார்? முன்னறையில் கிடந்த வார இதழ் கற்பித்தது. குப்புறப் படுத்துக்கொண்டு நகைச்சுவைத் துணுக்கின் படத்தைப் பார்த்த பிள்ளை, கீழே எழுதியிருப்பது என்ன என்று அறிய எழுத்துக் கூட்டியது. கண் மங்கிய பாட்டி, "இந்தத் தொடர்கதையைக் கொஞ்சம் வாசிடா கண்ணா" என்றார். வாசித்தது, திக்கித் திணறி, திட்டு வாங்கி, ஆறு மாதத்தில் தானாகவே வாசித்தது. அந்த இதழ் அப்பிள்ளைக்காக வாங்கப்பட்டதன்று. யாருக்காகவோ வாங்கி, கிடந்த இடத்தில் கிடந்ததனாலேயே அது பிள்ளையின் கைக்கு எட்டியது.

கைபேசி அவ்வாறு கிடப்பதில்லை. அதற்குப் பூட்டு உண்டு. உரியவர் விரல் பட்டால்தான் திறக்கும். தந்தை படிப்பது நாவலா, நாட்டு நடப்பா, பங்குச்சந்தை நிலவரமா என்பது எதிரே அமர்ந்திருக்கும் மகளுக்குத் தெரியாது. பாட்டிக்கோ இன்று பேரனின் உதவி தேவையில்லை. கைபேசியே கதையை வாசித்துக் காட்டுகிறது. பாட்டிக்கு அது பேருதவி, மறுக்கவில்லை. ஆனால் அவ்வீட்டில் தமிழ் வாசிக்கக் கற்கும் வாய்ப்பு ஒன்று ஓசையின்றி அடைபட்டுப் போயிற்று. இக்குறையை மலையாளக் குழந்தை உணராது. 1945இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் தொடங்கிய நூலக இயக்கம் இந்நாட்டில் ஊர்தோறும் வாசகசாலையை நிறுத்தியது. அதன் பள்ளியில், தெருவில், கடைப் பலகையில் மலையாள எழுத்து இருக்கிறது. தமிழ் எழுத்து நம் பிள்ளைகளின் கண்ணில் படும் இடம் வீடு ஒன்றே. வீட்டிலும் சுவர் நாட்காட்டி ஒன்றே என்றாகிவிட்டது.

ஆகவே, திரையில் படிப்பவர் திரைக்கே சந்தா கட்டிப் படிக்கட்டும். ஆசிரியருக்கு அதுவும் சோறுதான். பிள்ளைகள் உள்ள வீட்டில் மட்டும் ஓர் இதழேனும் தாளில் வரட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இலக்கிய இதழாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. துணுக்கும் படமும் நிறைந்த எளிய இதழே இதற்கு ஏற்றது. அதனை அலமாரியில் அடுக்க வேண்டா, முன்னறையில் போட்டு வையுங்கள். சந்தாப் படிவத்தில் குடும்பத் தலைவர் பெயரை எழுதும் இடத்தில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். தன் பெயருக்கு ஓர் அஞ்சல் வருவதை இக்காலத்துப் பிள்ளைகள் கண்டதில்லை. மேலுறையைக் கிழிக்க முதலில் ஓடி வருவது அதுவாகத்தான் இருக்கும்.