கல்லிலும் ஒரு தலையணை

துறவிகள் விட்டுவிட்டு வந்தவற்றைப் பட்டியல் போட்டால் நீளும்: வீடு, உறவு, உடைமை, ருசியான சாப்பாடு. ஆனால் திருச்சிக்குத் தெற்கே சித்தன்னவாசல் மலையில், ஏழடிப்பட்டம் குகைத்தளத்தில், சமண முனிவர்களுக்காக வெட்டிய 17 கற்படுக்கைகளைப் பாருங்கள். வழவழப்பான அந்தப் படுக்கைகளில் தலை வைக்கும் பக்கம் மட்டும் சற்று மேடாக இருக்கிறது. அங்குள்ள தமிழிக் கல்வெட்டு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையானது. மெத்தையே வேண்டாம் என்றவர்களுக்கும் தலைக்கு உசரம் வேண்டியிருந்திருக்கிறது.

இதை அவர்களுடைய பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. மனித உடம்பின் வாகு அப்படி. மல்லாந்து படுத்தால் பிடரிக்கு அடியில் ஒரு குழிவு விழுகிறது. ஒருக்களித்தால் தோளின் அகலத்துக்குத் தலை தொங்குகிறது. நாலைந்து கிலோ எடையுள்ள தலை அது. அந்த இடைவெளியை எதுவும் நிரப்பாவிட்டால் கழுத்துத் தசைதான் ராத்திரி முழுக்கச் சுமக்க வேண்டும். காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்து, 'தலகாணி ஒத்துக்கல' என்கிறோம். ஒருக்களித்துப் படுப்பவருக்கு உயரம் கூடுதலாக வேண்டும், மல்லாந்து படுப்பவருக்குக் குறைவாக. குப்புறப் படுப்பவருக்கு இல்லாமலே இருந்தாலும் நல்லது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தலையணையே கூடாது, மூச்சு முட்டும்.

கடையில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? சித்தன்னவாசல் போலவே, திருச்சி மலைக்கோட்டை உச்சியில், பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் பாறையிலும் கற்படுக்கைகள் உண்டு. அடிவாரக் கடைவீதியிலோ, "அமுக்கிப் பாருங்க சார், எவ்ளோ சாஃப்ட்டு!" நாமும் அமுக்கிப் பார்த்து வாங்கி வருகிறோம். உள்ளங்கையா தூங்கப்போகிறது?

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மேற்கே தலை, கிழக்கே திருவடி, தெற்கே பார்வை என்று அரவணையில் கிடக்கிற பெருமாளின் ஊர். அவரை எழுப்பவே தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருப்பள்ளியெழுச்சி பாடினார். பெருமாளுக்கு ஆதிசேஷன் இருக்கிறார், அதை விடுங்கள். மனிதர்களுக்குப் பழைய வீட்டுத் திண்ணை இருந்தது. ஓரத்தில் சுவரை ஒட்டிச் சரிவாக ஒரு மேடு கட்டியிருப்பார்கள். வழிப்போக்கர் துண்டை விரித்துத் தலையைச் சாய்த்தால் போதும். சித்தன்னவாசல் கல்லில் கண்ட அதே யோசனைதான், இங்கே செங்கல்லும் சுண்ணாம்புமாக.

வீட்டுக்குள்ளே இலவம்பஞ்சு. இலவு காத்த கிளிக்குப் பயன்படாத காய் நமக்குப் பயன்பட்டது. அந்த இழை உள்ளே வெற்றாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருக்கும். வழுக்குவதால் நூலாக நூற்பது கடினம். ஆனால் இழைக்குள் காற்று நிறைந்திருப்பதால் எடையே தெரியாது. குறையும் உண்டு. நாளாக நாளாக அமுங்கிச் சப்பையாகிவிடும், தண்ணீரில் அலச முடியாது. வெயிலில் போட்டுத் தட்டினால் ஓரளவு உப்பி வரும். திருச்சியில் வெயிலுக்கா பஞ்சம்?

இலவம்பஞ்சுக்கு எதிர்ப்பக்கம் மெமரி ஃபோம். அது விமான இருக்கைகளுக்காக 1960-களில் அமெரிக்காவில் உருவானது. உடம்புச் சூட்டில் இளகி, தலையின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். குளிர் நாட்டில் அது சுகம். சித்திரை மாதத்தில் மின்விசிறியை மட்டும் நம்பிப் படுப்பவருக்குக் கன்னத்தில் சூடு தேங்கும். ஏ.சி. இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கட்டும்.

நான் இலவம்பஞ்சுப் பக்கம் சாய்வதற்குக் காரணம் பழமைப் பற்று இல்லை. ஃபோம் தலையணையின் உயரத்தைப் பெரும்பாலும் ஆலையே முடிவு செய்துவிடுகிறது. இலவம்பஞ்சு உறையின் ஓரத் தையலைப் பிரித்து, ஒருக்களித்துப் படுத்து, வீட்டில் ஒருவரை முன்னால் நின்று பார்க்கச் சொல்லலாம். மூக்கும் மார்பின் நடுவும் ஒரே கோட்டில் வரும்வரை ஒவ்வொரு பிடியாகப் பஞ்சை எடுத்துவிட்டு, மறுபடி தைத்துக்கொள்ளலாம். எடுத்த பஞ்சை எறிய வேண்டாம். அடுத்த வருஷம் தலையணை சப்பையாகும்போது தேவைப்படும்.