குருட்டுப் பெண்ணின் கடையில்

1990 ஆம் ஆண்டு ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் நாம் நால்வர் இருந்தோம். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு விசாரணைத் திகதிக்குக் காத்திருந்த காலம். இருவருக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. ஒருவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒருவருக்கு வேலை இல்லை. சமையல் அவர் பொறுப்பு. மேல்வீட்டுக்காரர் எறிவதற்கு வைத்திருந்த பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். அதோடு ஒரு பெட்டி நிறைய பிளொப்பி டிஸ்க்குகளும் வந்தன. அவற்றுள் 'அல்ரிமா' என்ற விளையாட்டின் நான்காவது பாகம் இருந்தது. இக்கட்டுரையில் வரும் 'நாம்' அந்த நால்வரும்தான். விசைப்பலகை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முடிவும் சண்டைபிடித்து எடுத்த முடிவு.

வீடியோ விளையாட்டைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று முகஞ்சுளிப்பவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். இந்த விளையாட்டின் தொடக்கத்தில் வாளும் இல்லை, பகைவனும் இல்லை. குறிசொல்லும் பெண்ணொருத்தி ஏழு கேள்விகள் கேட்கிறாள். ஒருவரிடம் சேர்க்கும்படி ஒப்படைக்கப்பட்ட பணப்பையோடு போகிறாய், வழியில் பிச்சைக்காரர் ஒருவர் கைநீட்டுகிறார், என்ன செய்வாய்? கொடுத்தால் இரக்கம், முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் நேர்மை. இரண்டும் சரியான பதில்களே. எந்தச் சரியைத் தெரிகிறாயோ அதை வைத்து நீ யாரென்பதை அவள் தீர்மானிக்கிறாள். அதே நாட்களில் நாம் இன்னொரு மேசைக்கும் பதில்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தோம். அந்த மேசையில் சரியான பதில் ஒன்றுதான் இருந்தது. மாறிச் சொன்னால் திரும்பிப் போகவேண்டும்.

அல்ரிமாவை உருவாக்கியவர் அமெரிக்கரான றிச்சர்ட் கரியட். தந்தை விண்வெளி வீரர். மகனும் 2008 இல் விண்வெளிக்குப் போய்வந்தார். முதற்பாகம் 1981 இல் வந்தது, ஒன்பதாவது 1999 இல். முதல் மூன்றிலும் அறமென்று எதுவும் பெரிதாக இல்லை. களவெடுக்கலாம், ஊர்ச்சனத்தைக் கொல்லலாம். முதற்பாகத்தில் சிறையிலுள்ள இளவரசியை விடுவிக்கச் சாவி வேண்டும்; சாவிக்காக அரண்மனைக் கோமாளியைக் கொல்லவேண்டும். அப்படிக் கொன்றவர்தான் அந்த விளையாட்டின் கதாநாயகர்! மூன்றாவது பாகத்துக்குப் பிறகு கரியட்டுக்கு விளையாடியவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. தாம் எப்படியெல்லாம் திருடினோம், கொன்றோம் என்று அவர்கள் எழுதியதை வாசித்த பின்னரே, 1985 இல், கொல்வதற்குப் பெரிய பகைவன் எவனுமில்லாத நான்காவது பாகத்தை அவர் செய்தார். நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டு அறங்கள். எட்டிலும் தேறியவர் 'அவதார்' ஆகிறார். எமது அவதாரம் மேலிருந்து கீழே இறங்கி வருவது. கரியட்டின் அவதார் கீழேயிருந்து மேலே ஏறுகிறார். ஆன்மிகக் கோயிலின் மந்திரம் 'ஓம்' என்று கண்டபோது அறையே சிரித்தது.

இனி அந்தக் கடைக்கு வருகின்றோம். மந்திரம் செய்வதற்கு வேண்டிய மூலிகைகளை விற்பவள் ஒரு குருட்டுப் பெண். விலையை அவள் சொல்வாள். எத்தனை நாணயம் வைக்கிறோம் என்பதை நாமே தட்டவேண்டும். நாம் ஒரு நாணயம் வைத்தோம். அவள் நன்றி சொன்னாள். இன்னும் ஒரு தடவை வாங்கினோம், இன்னும் ஒரு நாணயம். கொம்பியூட்டரை ஏமாற்றிவிட்டோம் என்று இரவு வேலைக்காரர் வந்ததும் பெருமையாகச் சொன்னோம். பல நாட்கள் கழித்து அரண்மனையில் இருக்கும் ஞானியிடம் எமது நேர்மை எப்படியென்று கேட்டபோது, அவர் எம்மைக் கள்வரென்று திட்டினார். எல்லாம் உள்ளே எண்ணப்பட்டிருந்தது. அவள் பார்க்கவில்லையே தவிர, கணக்கு இருந்தது.

பிறகு என்ன செய்தோம்? நல்லவர்களாகிவிட்டோம்! குருட்டுப் பெண்ணுக்கு உரிய விலையைத் தவறாமல் வைத்தோம், தேவையில்லாத மூலிகைகளையும் வாங்கி வைத்தோம். கண்ட பிச்சைக்காரருக்கெல்லாம் ஒவ்வொரு காசு. வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் கொடுத்தோம். அது தியாகத்தில் சேரும். 1785 இல் வெளியான அறவியல் நூலொன்றில் கான்ட் ஒரு கடைக்காரரைப் பற்றிப் பேசுகிறார். விலை தெரியாத பிள்ளை வந்தாலும் அவர் கூடுதலாக வாங்குவதில்லை. ஆனால் அது கடைக்குப் பெயர் கெடக்கூடாது என்பதற்காக என்றால், செய்தது சரியாக இருந்தும் அதற்கு அற மதிப்பில்லை என்கிறார் கான்ட். சரியாக இருநூறு வருடங்களுக்குப் பின் வந்த இந்த விளையாட்டில் கடைக்காரியின் இடமும் வாங்குபவரின் இடமும் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

இதைச் சொல்லிச் சிரிக்க எமக்குத் தகுதியில்லை. அதே பேஸ்மென்ற் கதவை மாதம் ஒருமுறை தட்டி ஊருக்கென்று காசு சேர்க்க வருவார்கள். கையில் கொப்பி இருக்கும். நாம் கொடுத்தோம். ஊரில் சனம் பட்டினி என்பது உண்மை. கொப்பியில் எமது பெயர் பக்கத்து அப்பாட்மென்ற்காரரின் பெயருக்குக் கீழே சின்னத் தொகையோடு இருக்கக்கூடாது என்பதும் உண்மை. இரண்டில் எது எத்தனை வீதமென்று சொல்ல எமக்கு ஒரு ஞானியும் இருக்கவில்லை.

1990 நவம்பரில் நாம் அவதார் ஆனோம். பாதாளத்தின் அடியிலிருந்த 'கொடெக்ஸ்' என்ற ஞானநூலை அடைந்தோம். கோழி வாங்கிக் கறி வைத்துச் சாப்பிட்டோம். மற்றப் பாகங்கள் கைவசம் இல்லை. கொம்பியூட்டரும் அடுத்த வருடம் பழுதாகிப்போனது. எமக்கு அல்ரிமா என்றால் முப்பது வருடமாக அந்த நான்காவது பாகம்தான்.

2020 குளிர்காலத்தில், கொரோனா எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்திருந்தபோது, நான்கு வீடுகளிலிருந்தும் தொலைபேசியில் கதைத்து ஒரு முடிவெடுத்தோம். ஒன்பது பாகங்களையும் வரிசையாக விளையாடி முடிப்பது. ஒருவர் விளையாட மற்றவர்கள் திரையில் பார்ப்பது. நால்வருள் மூத்தவரை நாம் 'அண்ணை' என்றுதான் அழைப்பது. நான்காவது பாகத்தை இரண்டாந்தடவை முடித்த இரவு அவர் சொன்னார்: "நாலாவதிலை நாங்கள் நல்லாக்கள். அதோடை நிப்பாட்டுவமே?"

அவரது கேள்வியை அன்று பகிடியாக எடுத்தோம். அது பகிடியல்ல என்பது ஐந்தாவதில் தெரிந்தது.

ஐந்தாவது பாகம் 1988 இல் வந்தது. அரசர் காணாமற்போய்விட்டார். அவரிடத்தில் ஆட்சி செய்யும் பிளாக்தோர்ன் எட்டு அறங்களையும் சட்டமாக்கியிருக்கிறார். பொய் சொன்னால் நாக்குப் போகும். வருமானத்தில் பாதியைத் தருமத்துக்குக் கொடுக்காவிட்டால் வருமானமே போகும். நாம் நான்காவதில் புள்ளிக்காகச் செய்தவற்றையே இப்போது ஊர்ச்சனம் பயத்துக்காகச் செய்கிறது. அந்த ஆட்சிக்கு ஒரு கடவுச்சொல் உண்டு, அதை எதிர்ப்பவர்களுக்கு இன்னொன்று. எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. இந்தப் பயிற்சி எமக்குப் புதிதல்லவே! பிளாக்தோர்னைப் பின்னாலிருந்து கெடுக்கும் மூன்று நிழல்களும் எங்கிருந்து வந்தன என்று தேடிப்போனால், முதற்பாகத்தில் நாமே உடைத்த மாணிக்கத்தின் மூன்று துண்டுகளிலிருந்து. அந்தப் பாகத்தின் வெற்றியே அந்த மாணிக்கத்தை உடைத்ததுதான். தனியே அதை மட்டும் விளையாடியவர் உலகத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கப் போயிருப்பார்.

பிளாக்தோர்னின் மாளிகையில் பிடிபட்டால் விசாரணை நடக்கும். கோயிலின் மந்திரத்தைச் சொல் என்று கேட்பார். சொன்னால் கோயிலை அழித்துவிடுவார். சொல்லாவிட்டால் கூட வந்த தோழரை உமது கண்முன்னே கொல்வார். அந்தத் தோழர் விளையாட்டு முடியும்வரை திரும்பி வரமாட்டார். நாம் பிடிபட்டோம். கேள்வி திரையில் வந்து நின்றது. அண்ணை ஒன்றும் சொல்லாமல் தொடர்பைத் துண்டித்தார். 1986 இல் அவர் எட்டு மாதம் ஒரு தடுப்புமுகாமில் இருந்தவர். அங்கு அவரிடம் என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார், யாருடைய பெயரைச் சொன்னார் அல்லது சொல்லவில்லை என்பதை முப்பது வருடத்தில் நாம் கேட்டதில்லை. அதன்பிறகு அவர் வரவில்லை. மிச்சத்தை மூவராக விளையாடினோம்.

ஆறாவது பாகம் 1990 இல் வெளியானது. நாம் நான்காவதில் புண்ணியம் சேர்த்துக்கொண்டிருந்த அதே வருடம். சிவந்த உடலும் கொம்புமாகக் கார்கோயில் என்ற இனம் படையெடுத்து எட்டுக் கோயில்களையும் பிடித்திருக்கிறது. அவர்களை விரட்டி மீட்பது எமது பணி. கொல்கின்றோம், மீட்கின்றோம், எல்லாம் வழமைபோல. பிறகு அவர்களது தீர்க்கதரிசன நூல் கைக்கு வருகிறது. அதை மொழிபெயர்க்கப் பாடுபட்டு, வாசித்தால், பொய்த் தீர்க்கதரிசி ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறது. அவர்களது புனித இடத்தைத் தீட்டுப்படுத்தி, புனித நூலை எடுத்துக்கொண்டு போய், அவர்களது உலகமே பிளந்து அழியக் காரணமாகப் போகிறவன். புனித நூல் என்பது கொடெக்ஸ். பொய்த் தீர்க்கதரிசி நாம். கோழிக்கறி வைத்துக் கொண்டாடிய அந்த வெற்றி மற்றவர் பக்கத்தில் அப்படி எழுதப்பட்டிருந்தது.

கார்கோயில்களுக்கும் அறம் உண்டு: கட்டுப்பாடு, வேட்கை, விடாமுயற்சி என்ற மூன்று அடிப்படைகள், அவற்றிலிருந்து பிறக்கும் எட்டு அறங்கள். எமது எட்டோடு அவை பொருந்துவதில்லை, ஆனால் எமதைவிடக் குறைந்தவையுமல்ல. நாம் எட்டிலும் தேறியிருந்தோம். அந்த எட்டில் ஒன்றுகூட எடுக்கும் நூல் யாருடையது என்று கேட்கும்படி எமக்குச் சொல்லவில்லை. குருட்டுப் பெண்ணின் கடையில் எம்மைப் பிடித்த கணக்கும் இங்கே எம்மைப் பிடிக்கவில்லை. கொடெக்ஸை அடைந்தபோது புள்ளி குறையவில்லை, கூடத்தான் செய்தது.

நாம் அவதார் ஆனதற்கு முந்திய மாதம், 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். செய்தி எமக்குத் தொலைபேசியில் வந்தது. நால்வரில் ஒருவரின் வீடு ஐந்துசந்திக்குக் கிட்ட. அவருடன் படித்தவர்கள் போனவர்களுள் இருந்தார்கள். அன்று அறையில் என்ன பேசினோமென்று மூவரும் நினைவுபடுத்திப் பார்த்தோம். ஒன்றும் பேசவில்லை. விளையாடியது ஞாபகம் இருக்கிறது. அந்த வாரமும் கொப்பியோடு வந்தவர்களுக்குக் காசு கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. விளையாட்டை வாழ்க்கையோடு ஒட்டுகிறீர்கள் என்று சிலர் சொல்லலாம். நாம் ஒட்டவில்லை. ஆறாவதை விளையாடிக்கொண்டிருந்தபோது ஐந்துசந்திக்காரர் தானாகவே விளையாட்டை நிறுத்தி இதைச் சொல்லத் தொடங்கினார், மற்ற இருவரும் கேட்டோம்.

ஆறாவதின் முடிவு போரல்ல. அவர்களது மொழியைக் கற்று, அவர்களது அரசனிடம் பணிந்து, கொடெக்ஸை இரு இனத்துக்கும் கைக்கெட்டாத வெறுமைக்குள் அனுப்பவேண்டும். இரு தரப்பும் செய்த இரண்டு வில்லைகளின் ஊடாக இருவரும் அதைப் பார்க்கலாம், ஒருவரும் எடுக்க முடியாது. இது நல்ல முடிவுதான், ஆனால் இத்தோடும் நிற்க விடுவதில்லை. 1992 இல் வந்த ஏழாவது பாகம் இருநூறு வருடங்களுக்குப் பின் நடக்கிறது. கார்கோயில்கள் பெரும்பாலும் ஒதுக்குப்புறத் தீவொன்றில் ஒதுங்கி வாழ்கிறார்கள். முதற்காட்சியில் ஒரு குதிரை லாயத்தில் இரண்டு பிணங்கள் கிடக்கின்றன, ஒரு மனிதர், ஒரு கார்கோயில். ஊர் மனிதருக்காக மட்டும் அழுகிறது. ஒற்றுமை, சகோதரரை நம்பு, தகுதிக்கேற்ற பலன் என்று மூன்று நல்ல வாசகங்களோடு ஒரு சங்கம் ஊரூராகக் கிளை வைத்திருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறதென்று புகலிடத் தமிழருக்கு நாம் விபரிக்கத் தேவையில்லை.

எட்டாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேறோர் உலகம், அறமில்லை, நிறையத் தாவிக் குதிக்கவேண்டும். ஒன்பதாவது அவசரத்தில் வெளியிடப்பட்டது, பிழைகள் மலிந்தது. அதில் அவதார் ஒரு கட்டத்தில் 'பாலடின்' என்றால் என்னவென்று கேட்கிறார். பாலடின் என்பது மானத்தைக் காக்கும் வீரன். முதற்பாகங்களிலிருந்தே எமது கூட வந்த சொல். இத்தனை பாகம் நடந்தவர் ஒன்றும் நடக்காதவர் போலக் கேட்கிறார். இந்த வசனத்தை வைத்து விளையாட்டுக்காரர்கள் இன்றும் நக்கலடிக்கிறார்கள். எமக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஒரு தொடரை நேசிப்பவர் தனக்குப் பிடித்த பாகத்தோடு நிற்கலாமா என்பதுதான் அண்ணையின் கேள்வி. விளையாட்டு என்ற அளவில் தாராளமாக நிற்கலாம், யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் நான்காவதை முடித்தவர் தன்னை நல்லவரென்று சொல்லிக்கொள்வதானால் ஆறாவதை வாசிக்க மறுக்க முடியாது என்று நாம் மூவரும் வாதிட்டோம். அண்ணையின் பதிலும் இலேசானதல்ல. "ஆறாவதுக்குப் போறதெண்டால் அஞ்சாவதைத் தாண்டவேணும். நீங்கள் மூண்டு பேரும் அதைப் பட்டனை அமத்தித் தாண்டினீங்கள்" என்றார். உண்மைதான். பிளாக்தோர்னின் கேள்விக்கு நாம் பதில் சொல்லவில்லை. பிடிபடுவதற்கு முன் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய், வேறு வழியால் மாளிகைக்குள் நுழைந்தோம்.

சென்ற மார்ச்சில் அண்ணை அழைத்து, அந்தச் சேமிப்பை அனுப்பச் சொன்னார். மாளிகைக்கு வெளியே நின்ற சேமிப்பையல்ல. கேள்வி வருவதற்குச் சற்று முந்தியதை. அனுப்பினோம். இரண்டு கிழமை கழித்து ஆறாவது பாகத்தில் ஒரு சந்தேகம் கேட்க அழைத்தார், கார்கோயில்களின் மொழி பிடிபடவில்லையாம். ஐந்தாவதில் என்ன பதில் கொடுத்தாரென்று அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. இரவு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டார்.