கழித்த பொருளும் கழியாத கடமையும்

பொருளை ஈட்டும் வழி, காக்கும் வழி, பிறர்க்கு ஈயும் வழி ஆகியவற்றை அறநூல்கள் விரிவாகப் பேசியுள்ளன. ஈட்டிய பொருள் பழுதுற்றுப் பயனற்றுப் போனபின் அதனை என்ன செய்வது என்னும் வினா நம் முன்னோர்க்குப் பெரிதாக எழவில்லை. காரணம் எளிது. ஓலைப்பாய் கிழிந்தால் எருக்குழிக்குப் போயிற்று. மரக்கட்டில் முறிந்தால் அடுப்புக்குப் போயிற்று. பித்தளைக் குடம் ஓட்டையானால் கன்னாரிடம் போயிற்று. வந்த வழியே திரும்பிச் செல்லப் பொருளுக்கு ஒரு பாதை இருந்தது. இன்று நம் இல்லங்களை நிறைக்கும் தட்டுமுட்டுச் சாமான்கள் பலவற்றுக்கு அத்தகைய பாதை இல்லை. ஆகவே, கழிப்பதும் ஓர் அறவினா ஆகிவிட்டது.

இவ்வினாவைத் தெளிவாகக் காண்பதற்குத் தரையைவிடக் கடலே தக்க இடம். நகரத்தில் வாழ்பவர் பழைய மேசையை வாசலில் வைத்தால் என்றேனும் ஒரு லாரி வந்து எடுத்துச் செல்லும். அது எங்கே சென்றது என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. படகில் வாழ்பவருக்கும் தீவில் வாழ்பவருக்கும் அந்த மறதி எளிதில் வாய்ப்பதில்லை. கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பால் உள்ள கெத்தாம் தீவை எண்ணிப் பாருங்கள். அலையாத்திக் காடு சூழ்ந்த அம்மீனவர் ஊரில் வீடுகள் கால்களின்மேல் நிற்கின்றன. நடைபாதைகளும் அவ்வாறே நீருக்கு மேல் செல்கின்றன. அங்குக் கார் இல்லை, மிதிவண்டிகளே ஓடுகின்றன. அவ்வூரில் உள்ள மெத்தையும் அலமாரியும் குளிர்பதனப் பெட்டியும் கடல் கடந்தே வந்தாக வேண்டும். படகேறி வந்த பொருள் பயன் தீர்ந்தபின் படகேறியே போக வேண்டும். அம்மக்களைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. நாம் மறந்துவிட்ட ஓர் உண்மை அங்கே மறைக்க இயலாதவாறு நிற்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

ஏதோ ஒரு தீவிலிருந்து பழைய சாய்விருக்கை ஒன்றை ஒருவர் படகில் ஏற்றிக் கரைநோக்கிச் செல்கிறார் என்று கொள்வோம். நடுவழியில் அதனை நீரில் தள்ளிவிட்டால் காண்பவர் எவருமிலர். பாதிப் பயணம் மிச்சம்; எரிபொருள் மிச்சம்; கரையில் கொடுக்க வேண்டிய கூலியும் மிச்சம். அவர் ஏன் அதனைத் தள்ளக் கூடாது?

கடல் பெரிது என்பது இதற்குச் சொல்லப்படும் முதல் சமாதானம். கடல் பெரிதுதான். ஆனால், எறியப்பட்ட அலமாரி கடல் முழுவதும் பரவிக் கரைந்துவிடுவதில்லை. அது ஏதேனும் ஓரிடத்தில்தான் இருக்கும். நீரை உறிஞ்சிய பலகை மூழ்கியும் மூழ்காமலும் மேற்பரப்பை ஒட்டி மிதக்கும். மலாக்கா நீரிணையில் இரவில் வலைக்குச் செல்லும் மீனவரின் கண்ணுக்கு அது தெரியாது. கடல் பெரிது; அலமாரியில் மோதும் படகு சிறிது. அடியில் மூழ்கிய நாற்காலியோ இழுவலையைக் கிழிக்கும். எறிந்தவர் மிச்சம் பிடித்த கூலியை முகமறியாத ஒருவர் தம் வலையின் விலையாகக் கொடுக்கிறார்.

மரம் இயற்கைப் பொருள், கடல் அதனைச் செரித்துவிடும் என்பது இரண்டாவது சமாதானம். இக்காலத்து அலமாரி முற்றும் மரம் அன்று. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையும், அதன்மேல் ஒட்டிய நெகிழித் தாளும், பூசிய சாயமும் சேர்ந்ததே அது. சாய்விருக்கையின் உள்ளே இருப்பது இலவம்பஞ்சு அன்று, செயற்கை நுரை. அது மட்குவதில்லை, துணுக்குத் துணுக்காக உதிர்ந்து மீனின் வயிறுவரை செல்கிறது.

மூழ்கிய பொருள் மீனுக்கு வீடாகும் என்பது மூன்றாவது சமாதானம். இது அறத்தின் வேடம் பூண்டு வருவதால் கூர்ந்து நோக்க வேண்டியது. 1970களில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஃபோர்ட் லாடர்டேல் நகரின் கடற்கரைக்கு அப்பால், ஏறத்தாழ 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினர். அவை செயற்கைப் பாறைத் திட்டாகி மீன்களைப் பெருக்கும் என்று நம்பினர். கட்டுகள் அறுந்தன. டயர்கள் புயலில் உருண்டு அருகிலிருந்த இயற்கைப் பவளத் திட்டுகளை மோதிச் சிதைத்தன. பல்லாண்டுகளுக்குப் பின் முக்குளிப்போர் இறங்கி அவற்றை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. நல்லெண்ணத்தோடு திட்டமிட்டுச் செய்ததற்கே இக்கதி என்றால், சோம்பலால் தள்ளிய நாற்காலியை மீனுக்கு அளித்த கொடை என்பது எவ்வாறு பொருந்தும்?

நம் மொழியில் ‘தூரப் போடு’ என்று ஒரு வழக்கு உண்டு. குழந்தை கையில் எதையோ எடுத்தால் தாய் சொல்லும் முதற்சொல் அது. தூரம் என்பது யாரிடமிருந்து தூரம்? எனக்குத் தூரமான இடம் இன்னொருவருக்கு வாசற்படி. என் வீட்டிலிருந்து அளந்தால் தூரமாகத் தோன்றும் கடலடி, மீனவரின் வயல். உலகமே ஒரே வீடு என்று எண்ணிப் பார்த்தால் ‘தூர’ என்று ஓர் இடமே இல்லை.

சட்டமும் இந்த உண்மையை மெல்லமெல்லவே கற்றுக்கொண்டது. கப்பல்களால் நேரும் மாசினைத் தடுக்கும் அனைத்துலக உடன்பாடு 1973இல் உருவாகி 1978இல் விரிவுபெற்றது. குப்பையைப் பற்றிய அதன் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நெகிழியை எங்குமே எறியலாகாது என்று அது விதித்தது. வேறு பல குப்பைகளுக்கோ, கரையிலிருந்து இத்தனைக் கடல் மைல் சென்றபின் எறியலாம் என்று தூரத்தை அளந்து கொடுத்தது. 2013 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்நோக்கையே மாற்றியது. உணவுக் கழிவு முதலிய சில விலக்குகள் தவிர, எதனையும் கடலில் எறியலாகாது என்பதே இன்றைய விதி. ‘எவ்வளவு தூரத்தில் எறியலாம்?’ என்ற கேள்வி போய், ‘எறிவதே தகுமா?’ என்ற கேள்வி வந்தது. இது அறிவியலின் வளர்ச்சி மட்டுமன்று. மனச்சான்றின் வளர்ச்சியும் ஆகும்.

இங்கே எளிதில் தள்ள முடியாத ஒரு மறுப்பு உண்டு. கரைக்குக் கொண்டுசேர்க்கப் பணம் இல்லாத ஏழையிடம் இவ்வறத்தைப் பேசுவது நேர்மையா? கரை சேர்ந்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லாத துறையில் அவர் என்ன செய்வார்? இக்கேள்வியை மதிக்க வேண்டும். முன்னர்க் கூறிய உடன்பாடே குப்பையைப் பெற்றுக்கொள்ளும் வசதியைத் துறைமுகங்களில் அமைப்பது அரசுகளின் கடமை என்கிறது. வழியை அடைத்துவிட்டு வழி தவறியவரைத் தண்டிப்பது நீதியாகாது. ஆயினும், பழியைப் பகிர்ந்துகொள்ளலாமே அன்றிக் கடமை மறைந்துவிடுவதில்லை. நான்கு குடும்பங்கள் கூடி ஒரு படகை அமர்த்தினால் ஒருவரால் ஆகாதது நால்வரால் ஆகும். திருக்குறளில் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே உண்டு. ஊரோடு சேர்ந்து வாழும் கடப்பாட்டைக் கூறும் அச்சொல், கொடுப்பதற்கு மட்டுமன்றிக் கழிப்பதற்கும் பொருந்தும்.

பொறுப்போடு கழிப்பது கடினமான கலையும் அன்று. படகின் உள்ளறைச் சாமான்கள் பெரும்பாலும் உள்ளேயே பொருத்தப்பட்டவை. முழுதாக வாயில் வழியே வாரா. ஆகவே முதலில் திருகாணிகளைக் கழற்றிப் பிரிக்க வேண்டும். இரும்பு, பலகை, நுரை, கண்ணாடி ஆகியவற்றைத் தனித்தனியே கட்ட வேண்டும். கரையில் யார் பெற்றுக்கொள்வர் என்பதைப் புறப்படுமுன் கேட்டறிய வேண்டும். கேளாமல் படகுத்துறையில் விட்டு வருவது கடலில் எறிந்த குற்றத்தைத் தரையில் செய்வதாகும். கனத்தவற்றைப் படகின் நடுவே தாழ வைத்தல் வேண்டும். மெத்தை காற்றில் பறந்துவிடாமல் இறுகக் கட்டுதல் வேண்டும். சாயம் பூசிய பலகையைக் கடற்கரையில் கொளுத்தினால் நச்சுப்புகை எழும். அதனைத் தவிர்க்க வேண்டும். இன்னும் பயன்படும் பொருளாயின் வேண்டுவோர்க்குக் கொடுக்கலாம். ஒடிந்த நாற்காலியை ஏழைக்கு அளித்து ஈகை என்று பெயரிடுவதோ நம் சுமையை அவர் தலையில் ஏற்றுவதாகும்.

இவ்வளவு செய்தபின்னும் பொருள் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. சிங்கப்பூர் தன் குப்பையின் பெரும்பகுதியை மறுபயனீட்டுக்கு அனுப்பியும் எரித்தும் குறைக்கிறது. அதன்பின்னும் சாம்பல் எஞ்சுகிறது. அச்சாம்பலைப் படகுகளில் ஏற்றிச் செமாக்காவ் தீவுக்குக் கொண்டுசெல்கின்றனர். 7 கிலோமீட்டர் நீளக் கரைகட்டிக் கடலை மறித்த அந்நிரப்புமிடம் 1999இல் செயற்படத் தொடங்கியது. அதுவும் 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கின்றனர். இறுதிப் பயணத்திற்கும் ஓர் இடம் வேண்டும், அவ்விடமும் அளவுடையது. எனவே, கழிக்கும்போது பிறக்க வேண்டிய சிந்தனை வாங்கும்போதே பிறக்க வேண்டும். ‘இது எப்படி வீட்டுக்குள் வரும்?’ என்று வாயிலை அளக்கும் நாம், ‘இது எப்படி வெளியே போகும்?’ என்றும் கேட்கப் பழக வேண்டும்.

உடைமை என்பது பயன்கொள்ளும் உரிமை மட்டுமன்று. பொருளின் முதற்பயணத்திற்குக் கூலி கொடுத்தவரே அதன் கடைசிப் பயணத்திற்கும் கடன்பட்டவர். காண்பவர் இல்லை என்பதால் அக்கடன் தீர்ந்துவிடாது. ஆசிரியப் பெருமக்களே, வகுப்பில் ஒரு மாணவன் முறிந்த அளவுகோலைச் சன்னலுக்கு வெளியே வீசினால், அதட்டுமுன் ‘அது எங்கே விழுந்தது, யார் எடுப்பார்?’ என்று கேளுங்கள். மாணவச் செல்வங்களே, ‘தூரப் போடு’ என்று எவரேனும் சொன்னால், ‘எங்கே?’ என்று பணிவோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவ்வொரு சொல்லுக்கு விடை தேடுவதிலிருந்தே இவ்வறம் தொடங்குகிறது.