சாயம் எதை மறைக்கிறது?

ஆயுத பூஜைக்கு என் அம்புகளையும் சாமி மேடையில் வைக்கலாமா என்று கேட்டேன். பாட்டி திருப்பிக் கேட்டார்: "அந்த இறகு எந்தப் பறவையோடதுப்பா? தானா விழுந்ததா, கொன்னு எடுத்ததா?"

என்னிடம் பதில் இல்லை.

வில்வித்தை பழகும் நான் பெட்டாலிங் ஜெயா வீட்டிலேயே மர அம்பு செய்கிறேன். வெள்ளை வான்கோழி இறகுகளைப் பாக்கெட்டாக வாங்கி, எண்ணெய்ப் பசை போக சோப்புத் தண்ணீரில் கழுவுவேன். பிறகு கம்பளிக்குப் போடும் அமிலச் சாயத்தில் வினிகர் விட்டு, சுடுதண்ணீரில் ஊறவைப்பேன். கம்பளியைப் போல இறகும் கெரட்டின் என்ற புரதம்தான். அதனால் சாயம் நன்றாகப் பிடிக்கும்.

சாயம் வெறும் அழகுக்கு இல்லை. அம்புக்கு மூன்று இறகு ஒட்டுவோம். ஒன்று மட்டும் வேறு நிறம். அம்பை நாணில் எந்தப் பக்கமாக வைப்பது என்று அந்த நிறம் காட்டும். புல்லில் விழுந்த அம்பைத் தேடவும் உதவும்.

ஆனால் சிவப்பும் மஞ்சளுமாக மாறிய பிறகு, அது ஓர் உயிரின் சிறகு என்பதே எனக்கு மறந்துபோச்சு. பிளாஸ்டிக் மாதிரிதான் எடுத்து வெட்டினேன்.

இறைச்சிக்காகக் கொன்ற பறவையின் இறகு எப்படியும் குப்பைக்குத்தானே போகும், எடுத்தால் என்ன தப்பு? நியாயமான கேள்விதான். ஆனால் நான் காசு கொடுத்த நிமிடமே அது குப்பை இல்லை, சரக்கு. அந்த வியாபாரத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

"காவடியில மயில் இறகு கட்டுறோமே பாட்டி?" என்று மடக்கப் பார்த்தேன். "அதையும்தான் கேக்கணும்" என்றார்.

உண்மைதான். மயில் ஒவ்வோர் ஆண்டும் தோகையைத் தானாகவே உதிர்க்கும். 1963 முதல் அது இந்தியாவின் தேசியப் பறவை. அங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொல்லத் தடை விதிக்கிறது. தோகை இறகின் உள்நாட்டு வியாபாரத்துக்கு மட்டும் விலக்கு தருகிறது. உதிர்ந்ததா, பிடுங்கியதா? முருகனின் வாகனம் என்று கும்பிடும் நாம் பார்க்க வேண்டாமா?

இந்த வருடம் வில்லை மட்டும் சாமி மேடையில் வைத்தேன். இறகு எங்கிருந்து வருகிறது என்று விற்பவரிடம் கேட்டிருக்கிறேன். சரியான பதில் வரும்வரை புதுசாக வாங்கப் போவதில்லை.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுக்கப்போகும் நண்பர்களே, மயில் இறகு வாங்கும்போது நீங்களும் கடைக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். விரதம் இருக்கும் 48 நாளில் இதற்கு ஒரு நிமிடம் போதும்.