பணிவான மறுமொழியும் பொறுப்பேற்றலும்

விடுதியொன்றில் தங்கிச் சென்ற விருந்தினர் இணையத்தில் பதியும் குறைக்கு நிர்வாகம் ஆங்கிலத்தில் எழுதும் மறுமொழியில் காணப்படும் பணிவு, அறத்தைச் சேர்ந்ததா அல்லது மொழித்தேர்ச்சியை மட்டுமே சேர்ந்ததா என்பது மெய்யியல் சார்ந்த கேள்வியாகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் எழுதினால் கனிவாகத் தோன்றும் அதே வருத்தம், அதைப் பிற்பாடு கற்றவர் எழுதும்போது விறைப்பாகத் தோன்றி, எழுதியவரின் மனத்தையே சந்தேகிக்க வைத்துவிடுகிறது.

பணிவைப் பற்றிய ஆய்வில் பெரிதும் பேசப்படும் நூலை 1987இல் வெளியிட்ட பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும், ஒருவர் பிறர்முன் காக்க விரும்பும் தன்மதிப்பை 'முகம்' என்று குறித்து, அதற்கு ஊறு நேராமல் பேசும் வழிகளே பணிவு என்றனர். கோயம்புத்தூர் வட்டாரத் தமிழும் அவர்களுக்குச் சான்றாக அமைந்த மொழிகளுள் ஒன்று. ஆயினும் சுற்றிவளைத்துப் பேசுவதே மிகுந்த பணிவு என்னும் கருத்து ஆங்கிலேயர் வழக்கத்தைப் பொதுவிதியாக்குகிறது என்று, போலந்தில் பிறந்த மொழியியலாளர் அன்னா வியர்ஸ்பிட்ஸ்கா மறுத்தார், அம்மறுப்பு நியாயமானதே.

"தங்களுக்கு ஏதேனும் சிரமம் நேர்ந்திருப்பின் மிகவும் வருந்துகிறோம்" என்பது ஒரு மறுமொழி என்றும், "விரிப்பை நாங்கள் மாற்றவில்லை, தவறு எங்களுடையது, ஒரு நாள் வாடகையைத் திருப்பி அனுப்பிவிட்டோம்" என்பது மற்றொன்று என்றும் கொள்வோம். முன்னது நயமானது, ஆனால் நேர்ந்துவிட்ட தவறை நேர்ந்திருக்கக்கூடிய ஒன்றாக மாற்றிவிடுவதோடு, செய்தவர் யார் என்பதையும் சொல்லாமல் விடுகிறது. மன்னிப்புக் கோருபவர் தம்மையே இரு கூறாக்கி, ஒரு கூறைக் குற்றவாளியாக நிறுத்தி, மறு கூறால் அதைக் கண்டிக்கிறார் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1971இல் விளக்கினார். அந்த அளவுகோலின்படி முன்னதில் குற்றவாளிக் கூறே இல்லை; நடை கரடுமுரடாயினும் பின்னதில்தான் மன்னிப்புக் கோரல் நிறைவேறுகிறது.

வெளிப்பூச்சான மரியாதையும் நாளடைவில் உண்மையான நற்பண்பாக வளரக்கூடும் என்று மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் கருதியது இங்கே நினைவுகூரத்தக்கது. நட்பிலும் விருந்திலும் அது பொருந்தலாம். ஆனால் இழப்புக்கு ஈடு கேட்டு நிற்பவரிடம், வளரப்போகும் நற்பண்பைக் காட்டிக் காத்திருக்கச் சொல்வது தகாது.

மறுமொழி எழுதும் ஊழியரின் நிலையோ தனித்த இரக்கத்துக்குரியது. விரிப்பை மாற்றாதவர் அவரல்லர்; வாடகையைத் திருப்பித் தரும் அதிகாரமும் பெரும்பாலும் அவரிடம் இல்லை. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் 1983இல் எழுதியவாறு, கூலிக்காக உணர்ச்சியை வரவழைத்துக் காட்டுவதும் ஓர் உழைப்பே. அந்நிய மொழியில் அதைச் செய்பவருக்குச் சுமை இரட்டிப்பாகிறது.

ஆதலால் மறுமொழிக்கு ஆங்கிலம் பயிற்றுவிக்கும் நிறுவனங்கள், இனிய தொடர்களை மனப்பாடம் செய்விக்கும் முன், நடந்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவும், செய்தவரை எழுவாயாக வைத்து எழுதவும் ஊழியருக்குக் கற்றுத்தர வேண்டும். அவ்வாறு எழுத நிர்வாகங்கள் அவர்களை அனுமதிக்கவும் வேண்டும்.