பந்தைக் கொடுக்கத் துணிந்தவள்

தங்கையே, உன்னைத்தான் கூப்பிடுகிறேன். வலது தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு காரின் பின்சீட்டில் சாய்ந்து கிடக்கிறாயே, உன்னைத்தான். காலையிலிருந்து இரண்டு சாஃப்ட்பால் ஆட்டம் வீசிவிட்டாய். மாலையில் இன்னும் ஒன்று பாக்கி. "வலிக்குதா?" என்று அம்மா கேட்டதற்கு "இல்லம்மா" என்றாய். "முடியுமா?" என்று கோச் கேட்டதற்கு "முடியும்" என்றாய். இரண்டும் பொய் என்று உனக்கும் தெரியும், உன் தோளுக்கும் தெரியும். அந்தப் பொய்க்குத் தைரியம் என்று பெயர் வைத்திருக்கிறாய்.

அது பயம். "இன்று விட்டுக்கொடுத்தால் நாளை என் இடம் போய்விடுமோ" என்ற பயம். "இவள் அவ்வளவுதான் என்று சொல்லிவிடுவார்களோ" என்ற பயம். உன் திறமையின் மேல் உனக்கே நம்பிக்கை இருந்தால், ஒரு மாலை நீ பெஞ்சில் உட்கார்ந்ததும் உன் இடம் கரைந்துபோகும் என்று எப்படி நினைப்பாய்?

உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன். உன்னைச் சுற்றியிருப்பவர்கள் உனக்கு ஒரு கட்டுக்கதையைச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பேஸ்பாலில் கையைத் தலைக்கு மேலே தூக்கி எறிவதால் தோள் கெடுமாம். சாஃப்ட்பாலில் கீழிருந்து வீசுவது உடம்புக்கு இயல்பான அசைவாம், எத்தனை பந்து வீசினாலும் ஒன்றும் ஆகாதாம். அமெரிக்க மைதானங்களில் தலைமுறை தலைமுறையாக இதையே சொன்னார்கள். பந்து வீச ஒரே பிட்சரை வைத்து வார இறுதிப் போட்டி முழுவதையும் ஓட்டினார்கள்.

இயல்பான அசைவா? காற்றாலை இறக்கைபோல் கை முழு வட்டம் சுற்றி வருவதால்தான் அதற்கு விண்ட்மில் வீச்சு என்று பெயர். கையிலிருக்கும் பந்தோ பேஸ்பாலைவிடப் பெரியது, கனமானது. கை சுழன்று கீழே இறங்கும் அந்த நொடித்துளியில் தோள் மூட்டைக் கழற்றிக்கொண்டு போவதுபோல ஓர் இழுப்பு வருகிறது. பந்து வீசும் பெண்களை அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்து அளந்த ஆய்வு ஒன்று 1998-லேயே வெளியானது. மூட்டைப் பிடித்து நிறுத்தத் தோள் கொடுக்க வேண்டிய விசை, வீசுபவளின் உடல் எடையையே நெருங்கியது! கிட்டத்தட்ட உன் எடையே உள்ள ஒரு மூட்டையை உன் தோளில் கட்டி இழுப்பதாக நினைத்துப் பார். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு இழுப்பு. ஒரு நாளைக்கு எத்தனை என்று நீயே கணக்குப் போடு.

இன்னொன்றையும் கேள். வீச்சின் பலம் கையில் பிறப்பதில்லை. காலில் பிறந்து, இடுப்பில் ஏறி, முதுகு வழியே தோளுக்கு வந்து, விரல்நுனியில் முடிகிறது. உடல் களைத்ததும் காலும் இடுப்பும் கைவிடத் தொடங்கும். அவை போட்டுவிட்டுப் போன வேலையைத் தோள் இழுத்துப் போட்டுச் செய்கிறது. மூன்றாவது ஆட்டத்தில் பந்தின் வேகம் குறைந்து, குறி தவறி, தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்துகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். அதிலும் உனக்கு வயது 13. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பால் ஆனது. முற்றிய எலும்பின் உறுதி அதற்கு இன்னும் வரவில்லை. மல்லுக்கட்டி அதை முற்ற வைக்கவும் முடியாது.

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் சிறார் விளையாட்டை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 2007-ல் பேஸ்பால் பையன்கள் வீசும் பந்துகளை எண்ணத் தொடங்கியது. வயதுக்கு இத்தனை, அதற்குமேல் ஒரு பந்துகூட இல்லை. 2017 பருவத்திலிருந்து உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலிலும் பந்துக் கணக்கு கட்டாயமானது. அதே மைதானத்தின் அடுத்த திடலில் சாஃப்ட்பால் வீசிய தங்கைக்கு? அந்த விதி வரவில்லை. அண்ணன் கையை எண்ணிக் காத்தவர்கள் தங்கை கையை எண்ணாமல் விட்டார்கள். உன் தோள் என்ன இரும்பிலா செய்தது?

எண்ணுகிறவர் இல்லையென்றால் நீயே எண்ணு! விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு வழிகாட்டல் கொடுத்திருக்கிறார்கள். 10 முதல் 12 வயது என்றால் ஓர் ஆட்டத்துக்கு 65 பந்து, ஒரு நாளைக்கு 95. இரண்டு நாள் தொடர்ந்து வீசினால் மூன்றாம் நாள் ஒரு பந்தும் கிடையாது. 13, 14 வயதுக்கு ஆட்டத்துக்கு 80, நாளுக்கு 115. ஸ்கோர் புத்தகத்தில் இருப்பதை மட்டும் கூட்டி ஏமாந்துவிடாதே. ஆட்டத்துக்கு முன் ஓரமாக நின்று வீசிச் சூடேற்றினாயே, புதன்கிழமை தனிப் பயிற்சியில் வீசினாயே, வீட்டுக் கொல்லையில் அப்பா பிடிக்க நீ வீசினாயே, அவற்றையெல்லாம் உன் தோள் கணக்கில் எழுதிவைத்திருக்கிறது. ஒரு சின்ன நோட்டு வாங்கு. தினமும் எழுது. ஆண்டில் சில மாதமாவது அந்த நோட்டு வெறுமையாக இருக்கட்டும். அந்த மாதங்களில் ஓடு, நீந்து, காலையும் இடுப்பையும் வலுப்படுத்து.

"உவேனோ வீசவில்லையா?" என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஜப்பானின் யூகிகோ உவேனோ, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக். ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவுடன் அரையிறுதியில் 9 இன்னிங்ஸ் வீசித் தோற்றார். இறுதிக்குப் போக மிச்சமிருந்த இன்னொரு வாய்ப்பில், அதே நாளில் ஆஸ்திரேலியாவுடன் 12 இன்னிங்ஸ் வீசி வென்றார். வழக்கமாக ஓர் ஆட்டத்துக்கு 7 இன்னிங்ஸ்தான். ஒரே நாளில் மூன்று ஆட்டத்துக்கான வீச்சு, 318 பந்து. மறுநாள் இறுதிப் போட்டியில் இன்னும் 95. மூன்று முறை தொடர்ந்து தங்கம் வென்றிருந்த அமெரிக்காவை 3-1 என்று சாய்த்தார். அந்த 413 பந்துகளை ஜப்பான் இன்றும் பேசுகிறது. எனக்கும் சிலிர்க்கிறது. ஆனால் அன்று அவருக்கு வயது 26. முற்றிய எலும்பு, ஆண்டுக்கணக்கில் கட்டிய உடம்பு, வாழ்நாளில் அரிதாக வாய்க்கும் மேடை. உனக்கு இது ஒரு சனிக்கிழமை!

அந்தக் கதையின் இரண்டாம் பாகத்தை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 13 ஆண்டு கழித்து, 2021 ஜூலை 27, யோகோஹாமா. மறுபடி ஒலிம்பிக் இறுதிப் போட்டி, மறுபடி அமெரிக்கா. உவேனோவுக்கு வயது 39. ஆறாவது இன்னிங்ஸில் அவர் பந்தைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். யாரிடம்? மியு கோட்டோ என்ற 20 வயதுப் பெண்ணிடம். நானே முடிக்கிறேன் என்று அடம் பிடிக்க உலகத்தில் யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அது அவருக்குத்தான். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கோட்டோ அந்த இன்னிங்ஸைக் காத்துக் கொடுத்தார். ஏழாவதில் உவேனோ திரும்பி வந்து ஆட்டத்தை முடித்தார். 2-0. தங்கம்.

திரும்பி வந்தது எப்படி? சாஃப்ட்பாலில் விதியே அப்படி. தொடக்கத்தில் ஆடியவர் வெளியே போனாலும் ஒருமுறை மீண்டும் உள்ளே வரலாம்.  உன் விளையாட்டே, போய் மூச்சு வாங்கிவிட்டு வா என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் கதவை நீயே ஏன் சாத்துகிறாய்? உன் அணியின் இரண்டாவது பிட்சரையும் ஒருமுறை திரும்பிப் பார். பந்து கைக்கே வராமல் அவள் எப்படித் தேறுவாள்?

பெற்றோரே, கோச்சுகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "வலிக்குதா?" என்று ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்று சொல்லாது. அதன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைக்கு வீச்சு முடிந்தது. வலி தங்கினால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரை கொடுத்து மறுபடி பந்து வீச நிறுத்தாதீர்கள்.

தங்கையே, மாலை ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கார் கதவைத் திற. கோச்சிடம் நேராகப் போ. தலையை நிமிர்த்திக்கொண்டு, குரல் நடுங்காமல் சொல்: "தோள் வலிக்குது. இன்னைக்கு அவ வீசட்டும். அடுத்த வாரம் நான் வர்றேன்."